அடைபட்ட அறையும் அளக்கப்பட்ட காற்றும்
வீடு, பாடசாலை ஆகியவற்றின் காற்றுத் தூய்மை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரங்களின் வரலாற்றை எழுதியோர், குடிநீர், கழிவுநீர், வீதி ஆகியன தனியார் பொறுப்பிலிருந்து பொதுப் பொறுப்பாக மாறிய கதையை விரிவாகவே கூறியுள்ளனர். ஆயின் மனிதனுக்கு இம்மூன்றினும் இன்றியமையாததாகிய காற்று, அதிலும் சுவர்களுக்கிடையே அடைபட்ட காற்று, அவ்வரலாற்றில் சிறிதளவு இடத்தையே பெற்றுள்ளது. கிணற்றில் நஞ்சு கலந்தால் ஊர் கூடும். அடுப்படியில் புகை சூழ்ந்தால் அது அவ்வீட்டுப் பெண்ணின் தலைவிதியெனக் கொள்ளப்படும். இவ்வேறுபாடு இயற்கையாக அமைந்ததன்று. நீரைப் போன்று காற்றும் அளக்கப்பட்ட இடங்களில் அது பொது விவகாரமாயிற்று. அளக்கப்படாத இடங்களில் குடும்ப விவகாரமாகவே நின்றது. அளந்த பின்னரும், எவ்வளவு காற்று போதுமென்ற வினாவுக்குரிய விடையை எரிபொருளின் விலையே பலமுறை தீர்மானித்தது. அந்த அறைகளில் மிகக் கூடிய நேரத்தைக் கழித்த சிறுவர்களும் பெண்களும் அத்தீர்மானத்தில் பங்கு பெற்றது அரிது. கடந்த மூன்று நூற்றாண்டுச் செய்திகள் சிலவற்றை முன்வைத்து இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. காற்றுக்கு விதிக்கப்பட்ட வரி

இங்கிலாந்தில் மூன்றாம் வில்லியம் மன்னரின் ஆட்சியில், 1696 ஆம் ஆண்டில், யன்னல்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட வரியொன்று விதிக்கப்பட்டது. செல்வந்தரின் வீட்டிலே யன்னல் மிகுதி. ஆகவே யன்னலை எண்ணினால் செல்வத்தை எண்ணியதாகும் என்பது அவ்வரியை வகுத்தோரின் எண்ணம். வீட்டினுள்ளே புகாது தெருவில் நின்றபடியே கணக்கெடுக்கலாம் என்பதும் அதற்கு வாய்ப்பாயிற்று. ஆயின் நகரங்கள் பெருகி, ஒரே கட்டிடத்திற் பல ஏழைக் குடும்பங்கள் வாடகைக்குக் குடியேறியபோது நிலைமை தலைகீழாயிற்று. முழுக் கட்டிடமும் ஒரே வீடாகக் கணிக்கப்பட்டது. வரியைச் செலுத்த வேண்டியவன் கட்டிட உரிமையாளன். அவன் செங்கல்லைக் கொண்டு யன்னல்களை அடைத்தான். வரி குறைந்தது, உள்ளே வாழ்ந்தோரின் மூச்சுக்காற்றும் குறைந்தது. மருத்துவர்களும் சுகாதாரச் சீர்திருத்தவாதிகளும் நெடுங்காலம் போராடியதன் பின்னரே, 1851 இல், அவ்வரி நீக்கப்பட்டது. பிரான்சில் 1798 இல் விதிக்கப்பட்ட கதவு யன்னல் வரி 1926 வரை நீடித்தது.

இவ்வரி இரு உண்மைகளைப் புலப்படுத்துகிறது. அறைக்குள் வரும் காற்றின் அளவை இயற்கை மட்டுமன்றிச் சட்டமும் பொருளாதாரமும் நிருணயிக்கின்றன என்பது ஒன்று. கட்டிடத்தின் அமைப்பைத் தீர்மானிப்பவனும் அதனுள்ளே மூச்சுவிடுபவனும் வெவ்வேறு மனிதராக இருக்கும்போது இழப்பு பின்னவனையே சாரும் என்பது மற்றையது. பின்வந்த ஒவ்வொரு கட்டத்திலும் இவ்விரு உண்மைகளையும் வெவ்வேறு வடிவங்களிற் காணலாம்.

2. அளவுகோல் ஒன்று பிறந்தமை

மூச்சுவிடுதலின்போது ஒட்சிசன் செலவாகிக் காபனீரொட்சைட்டு வெளிப்படுகின்றது என்பதை 1777 அளவில் லவோசியர் விளக்கியிருந்தார். எனினும், அடைபட்ட அறையின் காற்று எப்போது கெட்டதாகின்றது என்பதற்கு நெடுங்காலம் மூக்கைத் தவிர வேறு சான்று இருக்கவில்லை. இக்குறையை நீக்கியவர் ஜேர்மனியின் மியூனிச் நகரைச் சேர்ந்த மாக்ஸ் வொன் பெற்றன்கோபர் (1818-1901) ஆவார். வீடுகளில் நிகழும் காற்று மாற்றம் பற்றி 1858 இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையின் தொடக்கமாகக் கருதத்தக்கது.

வெளிக்காற்றில் அந்நாளிற் பத்தாயிரத்தில் மூன்று நான்கு பங்களவாக இருந்த காபனீரொட்சைட்டு, மனிதர் நிறைந்த அறையிற் பன்மடங்கு கூடுவதைப் பெற்றன்கோபர் அளந்து காட்டினார். அறைக்காற்றில் அது ஆயிரத்தில் ஒரு பங்கை விஞ்சலாகாது என எல்லையும் வகுத்தார். இவ்வளவு காபனீரொட்சைட்டு உடலுக்கு நேரடியாகத் தீங்கு செய்யும் என அவர் கூறவில்லை என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது. பிறர் விட்ட மூச்சு எவ்வளவு அறையில் தேங்கியுள்ளது என்பதைக் காட்டும் குறிகாட்டியாகவே அவர் அதனைக் கொண்டார். இன்று வகுப்பறைகளில் வைக்கப்படும் காபனீரொட்சைட்டு மானிகளும் இதே தத்துவத்தின் அடிப்படையிலேயே பயன்படுத்தப்படுகின்றன.

அவருடைய கருத்துக்கள் யாவும் நிலைபெற்றன என்பதற்கில்லை. செங்கற் சுவர்களின் நுண்துளைகளினூடாகவே பெருமளவு காற்று உட்புகுகின்றது என அவர் நம்பினார். பிற்கால ஆய்வுகள் இதனை ஏற்கவில்லை. ஆயின் அவர் முன்வைத்த பிறிதொரு கருத்து காலத்தை வென்று நிற்கின்றது. அறையினுள் எருக்குவியல் ஒன்று கிடந்தால் அதனை வெளியேற்றுவதே முறை, குவியலை அங்கேயே வைத்துக்கொண்டு காற்றோட்டத்தால் நாற்றத்தைப் போக்க முயல்வது வீண் என்பதே அக்கருத்து. மாசின் மூலத்தை முதலில் அகற்றுக, அகற்ற முடியாததற்கு மட்டுமே காற்றோட்டத்தை நாடுக என இதனைச் சுருக்கிக் கூறலாம். மனிதரின் மூச்சை அறையிலிருந்து அகற்ற முடியாது. ஆகவே வகுப்பறைக்குக் காற்றோட்டம் வேண்டும். அடுப்பின் புகையோ அகற்றக்கூடியது. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளின், பாடசாலையின் வரலாறும் அடுப்படியின் வரலாறும் இரு வேறு வழிகளிற் சென்றமைக்கான காரணம் தெளிவாகும்.

இக்காலப்பகுதியிலேயே புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் தாதியியல் பற்றிய தமது நூலில், நோயாளி சுவாசிக்கும் காற்று வெளிக்காற்றைப் போன்று தூயதாக இருத்தல் வேண்டும், அதே வேளை அவருக்குக் குளிர் தாக்கவும் கூடாது என்பதைத் தாதியின் முதற் கடமையாக வகுத்தார். தூய காற்றும் வேண்டும், வெப்பமும் வேண்டும் என்ற இவ்விரட்டைத் தேவையே குளிர்நாடுகளில் பின்னெழுந்த சிக்கல்கள் அனைத்திற்கும் மூலமாயிற்று. யன்னலைத் திறந்தால் நிலக்கரி வீணாகும். மூடினால் மூச்சு முட்டும்.

3. டண்டி நகரின் இரவுகள்

ஸ்கொத்லாந்தில் 1872 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஐந்து முதல் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கியது. அரசு ஒரு பிள்ளையைச் சட்டத்தின் வலிமையால் ஓர் அறையினுள் அமர்த்துமாயின், அவ்வறையின் காற்றுக்கும் அரசே பொறுப்பேற்க வேண்டாமா என்ற வினா இதனோடு உடன்பிறந்தது. அதற்கு முதன்முதலாக விரிவான அளவீட்டு முறையில் விடை தேடிய நகரங்களுள் டண்டி குறிப்பிடத்தக்கது.

டண்டி சணல் ஆலைகளின் நகரம். வங்காளத்துச் சணல் அங்கே சாக்காக நெய்யப்பட்டது. ஆலைத் தொழிலாளர் ஓரறை, ஈரறை வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். அந்நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் தோமஸ் கார்னெலி, அப்போது இருபத்தைந்து வயதளவினரான ஜோன் ஸ்கொற் ஹோல்டேன், நகரச் சுகாதார மருத்துவ அதிகாரி அன்டர்சன் ஆகிய மூவரும் இணைந்து வீடுகளினதும் பாடசாலைகளினதும் காற்றை ஆராய்ந்தனர். நள்ளிரவுக்குப் பின், குடும்பத்தினர் உறங்கும் வேளையில், முன்னறிவித்தலின்றி அவர்கள் வீடுகளுக்குச் சென்றனர். பகலிற் சென்றால் யன்னல் திறந்திருக்கும், அறை துப்புரவாக்கப்பட்டிருக்கும், உண்மை நிலை மறைந்துவிடும் என்பது அவர்கள் அறிந்ததே. இவ்வாய்வு 1887 இல் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது.

காபனீரொட்சைட்டு, சேதனப் பொருள், நுண்ணங்கி ஆகிய மூன்றும் அளக்கப்பட்டன. மூன்றுமே நான்கறை வீடுகளிற் குறைந்தும், ஈரறை வீடுகளிற் கூடியும், ஓரறை வீடுகளில் மிகக் கூடியும் காணப்பட்டன. ஆய்வாளர் இத்துடன் நில்லாது, வீட்டின் அறை எண்ணிக்கைக்கும் இறப்பு வீதத்துக்கும் இடையிலான தொடர்பையும் எடுத்துக்காட்டினர். அறைகள் குறையக் குறைய இறப்பு கூடியது. இறப்புக்கு வறுமையின் பிற கூறுகளும் காரணமாயிருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், வர்க்க வேறுபாடு மூச்சுக்காற்றிலும் உண்டென்பது எண்களாற் காட்டப்பட்டமை சமூக வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

பாடசாலைகளைப் பொறுத்தவரை, யன்னலை மட்டும் நம்பிய வகுப்பறைகளையும் விசிறிப் பொறிகளாற் காற்று செலுத்தப்பட்ட வகுப்பறைகளையும் அவர்கள் ஒப்பிட்டனர். பின்னவற்றில் நுண்ணங்கிகள் மிகக் குறைவாக இருந்தன. குளிர்காலத்தில் ஆசிரியர் யன்னலைத் திறப்பதில்லை. ஆகவே யன்னல் இருப்பது வேறு, காற்று வருவது வேறு என்பது அவ்வாய்விலிருந்து பெறத்தக்க பாடமாகும்.

4. பாடசாலை யன்னல் பற்றிய விவாதம்

அறைக்காற்று ஏன் தீங்கு செய்கின்றது என்ற வினாவில் அறிஞர் பல்லாண்டுகள் மாறுபட்டு நின்றனர். மனித மூச்சிலே நஞ்சொன்று கலந்துள்ளதென 1880களின் பிற்பகுதியிற் பிரான்சில் ஒரு கொள்கை எழுந்தது. ஹோல்டேனும் லொறெய்ன் சிமித்தும் 1890களின் தொடக்கத்தில் மூடிய அறையில் மனிதரை இருத்திச் செய்த பரிசோதனைகளில் அத்தகைய நஞ்சு எதனையும் காணவில்லை. பிரெஸ்லோவில் புளூகேயும் அவருடைய மாணாக்கரும் 1905 இல் வெளியிட்ட ஆய்வுகள், நெரிசலான அறையில் ஏற்படும் தலைச்சுற்றலுக்கும் சோர்வுக்கும் வெப்பமும் ஈரப்பதனுமே காரணம் எனக் காட்டின. இலண்டனில் லெனார்ட் ஹில் செய்த பரிசோதனைகளும் இதனையே வலியுறுத்தின. மூடிய அறையில் வருந்தியிருந்தோர், விசிறியொன்றால் உள்ளிருந்த காற்றே அசைக்கப்பட்டபோது ஆறுதல் பெற்றனர்.

மறுபுறம், காசநோயின் நுண்ணங்கியை 1882 இல் றொபேட் கொக் கண்டறிந்ததையடுத்து, திறந்த வெளியே மருந்து என்ற எண்ணம் வலுப்பெற்றது. பேர்லின் நகரையடுத்த சார்லொட்டன்பேர்க்கில் 1904 இல் நலிந்த பிள்ளைகளுக்கென வனப் பாடசாலை தொடங்கப்பட்டது. இலண்டனில் 1907 இலும், அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்துப் பிறொவிடன்ஸ் நகரில் 1908 இலும் இத்தகைய பாடசாலைகள் எழுந்தன. ஆம்ஸ்ரடாம் நகரில் 1930 அளவில் டைக்கர் என்ற கட்டிடக்கலைஞர் அமைத்த திறந்தவெளிப் பாடசாலை, வகுப்பறைச் சுவரை முற்றாகவே திறக்கும் யன்னலாக மாற்றியது. காசநோய்க்கான மருந்துகள் 1940களிற் கிடைத்தபின் இவ்வியக்கம் மங்கியது. நோய்க்கு மருந்து வந்தவுடன் காற்றை மறந்தமை அக்காலத்தின் பெருங்குறை எனலாம்.

அமெரிக்காவில் ஒருவருக்கு நிமிடத்திற்கு 30 கன அடி வெளிக்காற்று வேண்டுமென்ற விதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுக்கப்பட்டுப் பல மாநிலங்களிற் சட்டமாயிற்று. இதனை ஆராய 1913 இல் நியமிக்கப்பட்ட நியூயோர்க் மாநிலக் காற்றோட்ட ஆணைக்குழு, வின்சிலோ என்பாரின் தலைமையிற் செயற்பட்டு 1923 இல் அறிக்கையை வெளியிட்டது. வகுப்பறையின் முதற் பகை மிகை வெப்பமே என்பதும், நன்கு திட்டமிட்ட யன்னற் காற்றோட்டம் பாடசாலைக்குப் பொருந்தும் என்பதும் அதன் முடிவுகள். 1936 இல் ஹார்வாட் பல்கலைக்கழகத்தின் யாக்லூ, அறைக்குட் புகுவோரின் மூக்கையே கருவியாகக் கொண்டு, எவ்வளவு காற்றால் உடல்நாற்றம் பொறுக்கத்தக்கதாகும் எனக் கணித்தார். பாடசாலைப் பிள்ளைகளைக் குடும்பங்களின் பொருளாதார நிலைக்கேற்ப வகுத்து அவர் அளவுகளைத் தந்தமை கவனத்திற்குரியது. பெற்றன்கோபர் மூக்கினின்றும் விடுவித்த அளவுகோல் மீண்டும் மூக்கிடமே சென்றது. அறைக்காற்று என்பது உடல்நலப் பிரச்சினை என்ற நிலையினின்றும் வசதிப் பிரச்சினை என்ற நிலைக்கு இறங்கியது.

இப்போக்கிற்கு எதிராக நின்றவர் வில்லியம் வெல்ஸ் ஆவார். இருமலின்போது சிதறும் நுண்துளிகள் உலர்ந்து, நெடுநேரம் காற்றில் மிதந்து நோயைப் பரப்பும் என 1934 இல் அவர் எடுத்துரைத்தார். பிலடெல்பியாப் பகுதிப் பாடசாலைகள் சிலவற்றின் வகுப்பறைகளில், கூரையையொட்டி, ஊதா கடந்த கதிர் விளக்குகளைப் பொருத்தினார். 1941 இற் சின்னமுத்து பரவியபோது விளக்குப் பொருத்திய கீழ்வகுப்புக்களில் நோய் குறைவாகவே காணப்பட்டது. பிற இடங்களிற் பின்னர் நடத்தப்பட்ட சோதனைகள் இத்தகைய தெளிவான பயனைத் தரவில்லை. அப்பிள்ளைகள் வகுப்பறைக்கு வெளியேயும் நெருங்கிப் பழகியமை அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. வெல்சின் கருத்துப் பல்லாண்டுகள் புறக்கணிக்கப்பட்டுக் கிடந்தது.

5. எண்ணெய் விலையும் மூச்சும்

அமெரிக்க விதிகளில் 30 ஆக இருந்த நிமிடத்துக்குரிய கன அடி, 1946 இல் 10 ஆகக் குறைந்தது. 1973 இல் எண்ணெய் நெருக்கடி தோன்றியது. வெளிக்காற்றைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் எண்ணெய் செலவாகும். ஆகவே வெளிக்காற்றைக் குறைப்பது சிக்கனமாயிற்று. 1981 இல் வெளியான பொறியியலாளர் சங்க விதி, புகைத்தல் இடம்பெறாத அறைகளுக்கு 5 கன அடியே போதுமென்றது. கட்டிடங்களின் இடுக்குகள் அடைக்கப்பட்டன. அதே வேளை பலகை ஒட்டுப்பசைகளிலிருந்தும் தளவிரிப்புக்களிலிருந்தும் போமல்டிகைட்டு முதலிய ஆவிகள் அறைக்குள் நிறைந்தன. கண்ணெரிவு, தலைவலி, சோர்வு ஆகியவற்றைப் பலர் ஒருங்கே முறையிட்ட கட்டிடங்களுக்கு ‘நோயுற்ற கட்டிடம்’ என்ற பெயர் 1980களின் முற்பகுதியில் வழங்கலாயிற்று. 1989 இல் அவ்விதி திருத்தப்பட்டு ஒருவருக்கான ஆகக் குறைந்த அளவு 15 கன அடியாக உயர்த்தப்பட்டது.

30, 10, 5, 15 என்ற இவ்வெண் வரிசை சிந்தனைக்குரியது. இந்நூறாண்டில் ஒரு பிள்ளையின் சுவாசப்பை மாறவில்லை. மாறியவை கொள்கைகளும் எரிபொருளின் விலையுமே. யன்னல் வரியின் தருக்கம் புதிய உருவிற் செயற்பட்டதையே இங்கு காண்கிறோம்.

6. அளக்கப்படாத அடுப்படி

மேற்கூறிய விவாதங்கள் யாவும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்தவை. உலகின் பெரும்பகுதி மக்கள் இக்காலம் முழுவதும் விறகு, சாணவரட்டி, நிலக்கரி ஆகியவற்றை வீட்டினுள்ளேயே எரித்துச் சமைத்தனர். பெற்றன்கோபரின் எருக்குவியல் அங்கே ஒவ்வொரு நாளும் மூட்டப்பட்டது. ஆயின் அதனை அளக்க எவரும் நள்ளிரவிலோ நண்பகலிலோ செல்லவில்லை.

தில்லியில் இதய நோய் மருத்துவராகிய சி. பத்மாவதி (1917-2020), சுவாசப்பை நோயின் விளைவாக வலப்பக்க இதயம் பழுதுறும் நிலையைப் பற்றி 1959 இல் சக ஆய்வாளருடன் எழுதினார். புகைபிடிக்கும் பழக்கமில்லாத பெண்களிடையேயும், இளம் வயதிலேயே, அந்நோய் காணப்படுவதற்கு அடுப்புப் புகை காரணமாகலாம் என அவர் சுட்டிக்காட்டினார். இக்கூற்று உடனடியாகக் கொள்கையாக மாறவில்லை. குஜராத் மாநிலத்துக் கிராமங்களில் 1981 இல் கேர்க் சிமித்தும் இந்திய ஆய்வாளரும், சமைக்கும் பெண்களின் உடலிலேயே சிறு காற்றுச் சேகரிப்புக் கருவிகளை அணிவித்து அளந்தனர். 1983 இல் வெளியான அம்முடிவுகள், அடுப்பின் முன் அமர்ந்த பெண் சுவாசித்த துகள்களின் அளவு, நகரத்து வெளிக்காற்றுக்கு விதிக்கப்பட்ட எல்லைகளைப் பன்மடங்கு விஞ்சியதைக் காட்டின. டண்டிக்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே அடுப்படி அறிவியலின் பார்வைக்குள் வந்தது.

இந்தியாவில் 1983 இல் தொடங்கிய தேசிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டம் 2002 வரை நடைபெற்று மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புக்களை வழங்கியது. ஆயின் எண்ணிக்கை இலக்கை எட்டுவதே நோக்கமாயிற்று. புகைக்கூடுகள் வெடித்தன, பானைக்கும் அடுப்புவாய்க்கும் பொருத்தமில்லாதபோது பெண்கள் பழைய அடுப்பிற்கே மீண்டனர். சீனாவில் 1982 இல் தொடங்கிய திட்டம் 1990களின் தொடக்கத்திற்குள் சுமார் 12 கோடி 90 இலட்சம் அடுப்புக்களை நிறுவியது. அங்கே செலவின் பெரும்பகுதியை வீட்டாரே ஏற்றனர்; உள்ளூர் அலுவலகங்கள் பராமரிப்பைக் கவனித்தன. யுன்னான் மாகாணத்துச் சுவான்வெய் பகுதியில், புகைமிகுந்த நிலக்கரியைப் புகைக்கூடின்றி எரித்த வீடுகளின் பெண்களிடையே சுவாசப்பைப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது. புகைக்கூடு அமைத்த வீடுகளில் அந்நோய் கணிசமாகக் குறைந்ததை 2002 இல் வெளியான ஆய்வு நிறுவியது.

எனினும் புகைக்கூடு முழுத் தீர்வாகாது. குவாத்தமாலாவில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வில், புகைக்கூட்டு அடுப்பு குழந்தைகள் சுவாசித்த புகையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. கடுமையான நியூமோனியாவும் குறைந்தது. ஆயின் எல்லா வகை நியூமோனியாவையும் சேர்த்து நோக்கியபோது ஐயத்திற்கிடமற்ற குறைவு காணப்படவில்லை. பாதிப் புகையும் புகையே. மூலத்தை அகற்றுதல் என்ற பெற்றன்கோபரின் நெறிக்கே இது மீண்டும் இட்டுச் செல்கின்றது.

7. இலங்கையின் அனுபவம்

இலங்கையின் மரபுவழி வீடமைப்பு இப்பிரச்சினையை ஓரளவு உணர்ந்திருந்தது எனலாம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றம் ஒளிக்கும் காற்றுக்கும் வழிவிட்டது; குசினி பல வீடுகளிற் புறம்பாக அமைந்தது. கிராமப்புறப் பாடசாலைகளின் அரைச்சுவர் வகுப்பறை, ஐரோப்பியர் திறந்தவெளிப் பாடசாலையென முயன்று அடைந்ததைச் சிக்கனத்தின் காரணமாகவே பெற்றிருந்தது. ஆயினும் குசினியைப் புறம்பாக்கியபோது வீட்டார் புகையிலிருந்து தப்பினரேயன்றி, சமைத்த பெண் தப்பவில்லை என்பதை மறத்தலாகாது.

மலையகத் தோட்டங்களின் நிலை இதனினும் வேறானது. பிரித்தானியத் தோட்டத்துரைமார் காலத்தில் எழுந்த லயன் காம்பராக்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவினவாய், ஒன்றோடொன்று ஒட்டி நிரையாக அமைந்தன. உறக்கம், உணவு, பிரசவம், நோய் யாவும் அக்காம்பராவிலேயே. குளிரும் மழையும் மிகுந்த மலைநாட்டிற் கதவை மூடி விறகெரிக்கும்போது புகை செல்ல இடமில்லை. டண்டியின் ஓரறை வீட்டினையும் குஜராத்தின் அடுப்படியையும் ஒருங்கே ஓரறையினுள் அடைத்தால் லயன் காம்பரா கிடைக்கும். டண்டித் தொழிலாளி வாடகைக்கு வீடு மாறலாம்; தோட்டத் தொழிலாளிக்கோ வீடு தொழிலோடு பிணைக்கப்பட்டிருந்தது. யன்னலைத் தீர்மானித்தவன் ஒருவன், மூச்சுவிட்டவள் வேறொருத்தி என்ற நிலை இங்கு முழுமை பெற்றது.

1980களில் இலங்கையில் அடுப்புச் சீர்திருத்த முயற்சிகள் தோன்றின. சர்வோதய இயக்கத்தின் முயற்சிகளைத் தொடர்ந்து, அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் ‘அனகி’ என்ற இரட்டைவாய் மண்ணடுப்பு உருவாக்கப்பட்டது. மட்பாண்டத் தொழிலாளர் தம் சூளையிலேயே சுட்டு, சந்தையில் விற்கக்கூடியதாக அமைந்தமையே அதன் வெற்றிக்குக் காரணம். இந்தியத் திட்டம் அரசின் இலக்கைச் சார்ந்து நின்று தளர, இது குயவரின் வருவாயைச் சார்ந்து நின்று நிலைத்தது. ஆயின் அதன் தலையாய நோக்கம் விறகைச் சிக்கனப்படுத்துதல். அதற்குப் புகைக்கூடு இல்லை. விறகு குறைந்ததால் புகையும் ஓரளவு குறைந்தது எனக் கொள்ளலாமேயன்றி, புகையை ஒழிக்க எழுந்த அடுப்பென அதனைக் கொள்ளுதல் பொருந்தாது. இங்கும் எரிபொருளே முதலிடம் பெற்றது.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கைக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்கிற்கு மேற்பட்டவை விறகையே பிரதான எரிபொருளாகக் கொண்டிருந்தன. அதன் பின்னர் எரிவாயுவின் பயன்பாடு பரவியது. ஆயின் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடைக்காதபோது, நகரத்து வீடுகளும் மாடிக் குடியிருப்புக்களும் மீண்டும் விறகையும் கரியையும் நாடின. புகைக்கூடற்ற குசினிகளில் அடுப்பு மூட்டப்பட்டது. தூய எரிபொருளை நோக்கிய பாதை ஒருவழிப் பாதையன்று என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது. வருமானம் சரிந்தால் சுவாசமும் அதனுடன் சரிகின்றது.

8. மீண்டும் வகுப்பறை

2020 இற் பரவிய கொவிட் நோய், மறக்கப்பட்ட வகுப்பறைக் காற்றை மீண்டும் பொது விவகாரமாக்கியது. தொடக்கத்தில் அந்நோய் காற்றினாற் பரவுவதன்று என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. லிடியா மொறாவ்ஸ்கா, டொனால்ட் மில்ற்றன் ஆகியோர் 2020 யூலையில் 239 அறிஞர்களின் ஆதரவுடன் அதனை மறுத்து எழுதினர். 2021 ஏப்பிரலில் அந்நிறுவனத்தின் விளக்கம் மாற்றப்பட்டது. வெல்ஸ் 1934 இற் கூறியதே ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளின் பின் ஏற்கப்பட்டது. பாடசாலைகளை மூடுவதா திறப்பதா என்ற வாதத்தின் நடுவே, யன்னல்களைத் திறப்பது எவ்வாறு என்ற எளிய வினா பின்தள்ளப்பட்டமை வருந்தத்தக்கது.

இலங்கையின் அரைச்சுவர் வகுப்பறை தொற்றைப் பொறுத்தவரை ஒரு நற்பேறே. ஆயின் வீதிப் புழுதியையும், பாடசாலை வளவிலேயே குப்பை எரிப்பதால் எழும் புகையையும் அது தடுப்பதில்லை. மறுபுறம், கண்ணாடி யன்னல்களை இறுக மூடிக் குளிரூட்டப்படும் வகுப்பறைகள் நவீனத்தின் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றன. உள்ளிருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்விக்கும் பொறி, வெளிக்காற்றைக் கொணர்வதில்லை. குளிர்ந்த காற்றும் தூய காற்றும் ஒன்றல்ல என்பதைப் பெற்றன்கோபரின் அளவுகோல் இன்றும் காட்டித் தரும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, அறைக்காற்றைப் பற்றிய அறிவு குறைவாக இருந்தமையினால் மட்டும் மக்கள் துன்புறவில்லை. அறிவு கிடைத்த பின்னரும் செலவே முடிவைத் தீர்மானித்தது. இரண்டாவது, வெற்றி பெற்ற சீர்திருத்தங்கள் அவ்வறையைப் பயன்படுத்துவோரின் வழக்கத்தையும் வருவாயையும் கணக்கிற் கொண்டவை. சமைப்பவளைக் கேளாது அமைத்த அடுப்பு சாம்பலற்றுக் கிடந்தது. மூன்றாவது, அளத்தல் என்னும் செயலே அரசியற் செயலாகும். டண்டியின் மூவர் ஓரறை வீட்டின் காற்றை எண்ணாக மாற்றியபோதுதான் அது நகரசபையின் மேசைக்கு வந்தது.

2020 ஆம் ஆண்டில் வீட்டுப் புகையினால் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள். இவ்வெண்ணின் முன் இலங்கையிற் செய்யத்தக்கன பெரும் பொருட்செலவை வேண்டுவனவல்ல. புதிய தோட்ட வீடுகளின் வரைபடத்திற் புகைக்கூடும் எதிரெதிர் யன்னல்களும் விலக்கவியலாத உறுப்புக்களாதல் வேண்டும். பாடசாலைக் கட்டிட விதிகளில் மாணவர் தொகைக்கேற்ற திறப்பின் அளவு இடம்பெறுதல் வேண்டும். பாடசாலை வளவிற் குப்பை எரித்தல் நிறுத்தப்படல் வேண்டும். பல்கலைக்கழகங்களின் இரசாயனவியல், புவியியல், மருத்துவத் துறைகளின் மாணவர்கள் கருவிகளுடன் லயன் காம்பராக்களுக்கும் வகுப்பறைகளுக்கும் சென்று அளக்கத் தொடங்குவாராயின், டண்டியில் 1887 இல் நிகழ்ந்தது இம்மண்ணிலும் நிகழக்கூடும். அவ்வெண்கள் வெளிவரும் நாள்வரை, அடுப்பின் முன் இருமுகின்ற பெண்ணின் இருமல் அவ்வீட்டின் சொந்த விடயமாகவே எண்ணப்படும்.